மறுத்தே வளர்ந்த கிளப்

கொள்ளைக்காரன் என்ற பெயரை யாரும் ஆசைப்பட்டு வைத்துக்கொள்வதில்லை. குரோஷியாவின் ஏட்ரியாட்டிக் கடற்கரையில் உள்ள ஸ்பிளிட் நகரத்து மாணவர்கள் சிலர் 1911-இல் அதைத்தான் செய்தார்கள். பால்கன் நாடுகளில் ‘ஹாய்டுக்’ என்றால் மலையிலும் காட்டிலும் ஒளிந்து துருக்கிய ஆட்சியை எதிர்த்தவன். வழிப்பறிக்காரன் என்று அரசாங்கம் சொல்லும். எங்கள் வீரன் என்று ஊர் சொல்லும். அந்தப் பெயரைத் தாங்கிய கால்பந்து கிளப்புக்கு இப்போது நூறு வயது தாண்டிவிட்டது. இதற்குள் ஸ்பிளிட் நகரம் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு, யுகோஸ்லாவிய முடியாட்சி, இத்தாலிய ஆக்கிரமிப்பு, டிட்டோவின் சோஷலிஸ யுகோஸ்லாவியா, சுதந்திர குரோஷியா என்று பல கொடிகளைப் பார்த்துவிட்டது. கொடி மாறும்போதெல்லாம் வந்தவர்கள் இந்தக் கிளப்பிடம் ஏதாவது கேட்டார்கள். முக்கியமான தருணங்களில் கிளப் முடியாது என்றது. அதற்கான விலையையும் கொடுத்தது.

கிளப் உருவானது ஸ்பிளிட்டில் அல்ல, பிராகா நகரத்தின் பழைய பீர் கடை ஒன்றில். அங்கே படித்துக்கொண்டிருந்த ஸ்பிளிட் மாணவர்கள் ஸ்பார்ட்டா, ஸ்லாவியா அணிகளின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, நம் ஊருக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று ‘உ ஃப்லெக்கு’ என்ற கடையில் உட்கார்ந்து முடிவெடுத்தார்கள். பெயர் வைக்கத் தெரியாமல் தவித்தவர்களுக்கு ஹாய்டுக் என்ற பெயரை எடுத்துக் கொடுத்தவர் அவர்களுடைய பழைய ஆசிரியர் யோசிப் பராச். 1911 பிப்ரவரி 13 கிளப்பின் பிறந்தநாள். அதே ஆண்டு ஜூனில் நடந்த முதல் ஆட்டத்தில், உள்ளூரில் இத்தாலிய ஆதரவாளர்கள் நடத்திய கால்ச்சோ ஸ்பலாத்தோ அணியை 9-0 என்று தோற்கடித்தார்கள். கிளப்பின் முதல் கோலை ஷிமே ரவுனிக் முழங்காலால் அடித்தார் என்பதை ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது.

இந்திய ரசிகருக்கு அந்த ஆண்டு அந்நியமானதல்ல. 1911 ஜூலை 29 அன்றுதான் கல்கத்தாவில் மோகன் பகான், கிழக்கு யார்க்ஷயர் ரெஜிமென்ட்டைத் தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்றது. ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு துறைமுக நகரங்கள், பேரரசுகளின் நிழலில், ஒரே ஆண்டில் ஒரே விஷயத்தைக் கண்டுபிடித்தன: மேடையில் பேச முடியாததை மைதானத்தில் காட்டலாம்.

முதல் உலகப் போருக்குப் பின் பிறந்த புதிய நாட்டில் ஹாய்டுக் 1927-இலும் 1929-இலும் சாம்பியன் ஆனது. உண்மையான சோதனை 1941-இல் வந்தது. முசோலினியின் படைகள் ஸ்பிளிட்டைப் பிடித்து, நகரத்தை இத்தாலியுடன் இணைத்துக்கொண்டன. ஹாய்டுக்குக்கு வந்த அழைப்பு எந்தக் கிளப்புக்கும் ஆசை காட்டக்கூடியது: ஏ.சி. ஸ்பலாத்தோ என்று பெயரை மாற்றிக்கொண்டு இத்தாலியின் முதல் நிலை லீகில் ஆடலாம். கிளப் மறுத்தது, ஆடுவதையே நிறுத்திக்கொண்டது. இத்தாலி சரணடைந்த பின் ஸாக்ரெப்பில் இருந்த நாஜி ஆதரவு குரோஷிய அரசு தன் லீகில் ஆடச் சொன்னபோதும் அதே பதில்தான். ஆடுவதற்காகவே பிறந்த ஒரு அமைப்பு ஆடாமல் இருப்பதைவிடப் பெரிய எதிர்ப்பு கிடையாது.

ஆனால் வீரர்கள் சும்மா இருக்கவில்லை. 1944-இல் பலர் ரகசியமாகப் படகேறி, டிட்டோவின் கொரில்லாப் படை வைத்திருந்த வீஸ் தீவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அந்த ஆண்டு மே 7 அன்று, ஸ்பிளிட் நகரத்தின் காவல் புனிதரான தூயேயின் திருநாளில், ஹாய்டுக் மறுபடியும் பிறந்தது. சட்டையில் சிவப்பு நட்சத்திரம் ஏறியது. செப்டம்பரில் தெற்கு இத்தாலியின் பாரி நகரத்தில் பிரிட்டிஷ் ராணுவ அணியுடன் மோதினார்கள். ஸ்டான்லி கலிஸ் போன்ற தொழில்முறை ஆட்டக்காரர்கள் நிறைந்த அணி அது. ஹாய்டுக் 7-2 என்று தோற்றது. ஆனால் ஆக்கிரமிக்கப்பட்ட ஒரு தேசத்துக்கு ஒரு கால்பந்து அணி இருக்கிறது என்பதை நேச நாடுகளின் படைவீரர்கள் ஆயிரக்கணக்கில் நேரில் பார்த்தார்கள். அணி மால்ட்டா, எகிப்து, பாலஸ்தீனம், லெபனான், சிரியா என்று சுற்றி வந்தது. பெய்ரூட்டில் டிகாலின் சுதந்திர பிரான்ஸ் சார்பில் கௌரவப் பட்டமும் கிடைத்தது.

போர் முடிந்ததும் வெற்றி பெற்ற தரப்பிலிருந்தே அடுத்த அழைப்பு வந்தது. பெல்கிரேடுக்கு வந்து ராணுவத்தின் அதிகாரபூர்வ அணியாக இருங்கள் என்றார்கள். பணம், வசதி, தலைநகரம், டிட்டோவின் ஆசி எல்லாம் சேர்ந்த அழைப்பு. எங்கள் ஊரைவிட்டு வரமாட்டோம் என்றது ஹாய்டுக். ராணுவம் 1945 அக்டோபரில் பார்ட்டிஸான் என்ற புதிய கிளப்பை ஆரம்பித்துக்கொண்டது. எதிரியிடம் முடியாது என்று சொல்வது ஒரு வகை. தோழனிடம் சொல்வது வேறு வகை.

1950-இல் ஹாய்டுக் ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்காமல் யுகோஸ்லாவிய லீகை வென்றது. வேறு எந்தக் கிளப்பும் அந்த லீகில் அதைச் செய்ததில்லை. அந்த அணியில் கோல்கீப்பர் விளாடிமிர் பியாரா இருந்தார். நட்பு ஆட்டங்களையும் சேர்த்து ஹாய்டுக்குக்காக 729 கோல்கள் அடித்த ஃபிரானே மத்தோஷிச் இருந்தார். அதே ஆண்டு நடந்த பிரேஸில் உலகக் கோப்பையின் ரசிகர்களைப் பற்றிக் கேள்விப்பட்டு உற்சாகமடைந்த மாணவர்கள், அக்டோபர் 28 அன்று ‘டோர்சிடா’ என்ற ரசிகர் அமைப்பைத் தொடங்கினார்கள். ஐரோப்பாவின் மிகப் பழைய ரசிகர் அமைப்புகளில் ஒன்று அது. மறுநாள் பெல்கிரேடின் ரெட் ஸ்டார் அணியை வரவழைத்து, மணியும் விசிலும் தீவட்டியுமாக ஊரே அதிர, ஆட்டம் முடியும் தறுவாயில் விழுந்த கோலில் ஹாய்டுக் 2-1 என்று ஜெயித்தது.

கட்சிக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. கோஷம் போடுவதை மேலிருந்து ஏற்பாடு செய்து பழகியவர்களுக்குத் தானாகக் கிளம்பிய கோஷம் சந்தேகத்தைத் தந்தது. டோர்சிடா தலைவர்களில் ஒருவர் சிறைக்குப் போனார். அணித் தலைவர் மத்தோஷிச் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். டோர்சிடா என்ற பெயரே பல ஆண்டுகள் வெளியே சொல்லக்கூடாததாக இருந்தது.

எழுபதுகள் ஹாய்டுக்கின் பொற்காலம். தொமிஸ்லாவ் இவிச் என்ற பயிற்சியாளர் 1974, 1975, 1979 ஆகிய ஆண்டுகளில் லீகை வென்று கொடுத்தார். 1972-க்கும் 1977-க்கும் இடையே நடந்த ஐந்து டிட்டோ கோப்பைகளும் ஸ்பிளிட்டுக்கே வந்தன. 1979-இல் மத்தியதரைக் கடல் விளையாட்டுக்களுக்காக போரிஸ் மகாஷ் வடிவமைத்த போல்யுட் ஸ்டேடியம் திறக்கப்பட்டது. திறந்த சிப்பியைப் போன்ற அந்தக் கட்டடம் கிளப்பின் புதிய வீடானது.

அந்த வீட்டில் அடுத்த ஆண்டே சாவுச் செய்தி விழுந்தது. 1980 மே 4. எதிரணி ரெட் ஸ்டார். முதல் பாதி முடியும் முன் ஆட்டம் நிறுத்தப்பட்டது. டிட்டோ இறந்துவிட்டார் என்று அறிவித்தார்கள். குரோஷிய வீரர்களும் செர்பிய வீரர்களும் புல்தரையில் அழுதார்கள். அரங்கம் எழுந்து நின்று டிட்டோவுக்கு விசுவாசப் பாட்டுப் பாடியது. பத்தாண்டு கழித்து, 1990 செப்டம்பர் 26 அன்று, பார்ட்டிஸானுடன் நடந்த ஆட்டத்தின் நடுவே ரசிகர்கள் அதே மைதானத்துக்குள் பாய்ந்து யுகோஸ்லாவியக் கொடியை இறக்கிக் கொளுத்தினார்கள். ஒரு நாட்டுக்காக அழுததும் அதை எரித்ததும் ஒரே புல்தரையில் நடந்தன. அந்த ஆண்டே சட்டையில் இருந்த சிவப்பு நட்சத்திரம் போய், பழைய சிவப்பு-வெள்ளைக் கட்டங்கள் திரும்பி வந்தன.

யுகோஸ்லாவியாவின் கடைசிக் கோப்பை இறுதி ஆட்டம் 1991 மே 8 அன்று பெல்கிரேடில் நடந்தது. இரண்டு நாள் முன்புதான் ஸ்பிளிட்டில் கடற்படைத் தலைமையகத்துக்கு எதிரே நடந்த ஆர்ப்பாட்டத்தில் ஒரு ராணுவ வீரர் இறந்திருந்தார். எதிரே நின்ற ரெட் ஸ்டார், மூன்று வாரத்தில் ஐரோப்பியக் கோப்பையை வெல்லப்போகும் அணி. அலென் போக்ஷிச் அடித்த ஒரே கோலில் ஹாய்டுக் வென்றது. செர்பிய மிஹைலோவிச்சும் ஹாய்டுக்கின் இகோர் ஷ்டிமாட்சும் மோதிக்கொண்டு வெளியேற்றப்பட்டார்கள். இந்த ஷ்டிமாட்ச்தான் பின்னாளில், 2019 முதல் 2024 வரை, இந்திய அணியின் பயிற்சியாளராக இருந்தவர். டிட்டோவின் பெயர் தாங்கிய கோப்பையைத் திருப்பித் தர அதற்குப் பிறகு நாடே இல்லை. அது ஸ்பிளிட்டிலேயே தங்கிவிட்டது.

சுதந்திர குரோஷியாவின் முதல் லீக் 1992 பிப்ரவரியில் 12 கிளப்புகளுடன் தொடங்கியது. போர்முனைக்கு அருகிலிருந்த நகரங்களின் அணிகளால் சொந்த மைதானத்தில் ஆட முடியவில்லை. முதல் சாம்பியன் ஹாய்டுக். 1994-இலும் 1995-இலும் மறுபடி வென்றது. 1995-இல் சாம்பியன்ஸ் லீக் காலிறுதி வரை போய், அந்த ஆண்டு கோப்பையை வென்ற அயாக்ஸிடம்தான் தோற்றது. 1998 உலகக் கோப்பையில் குரோஷியா மூன்றாம் இடம் பிடித்தபோது, அந்த அணியின் பிலிச், ஷ்டிமாட்ச், யார்னி, அஸனோவிச் ஆகியோர் ஹாய்டுக்கில் வளர்ந்தவர்கள்.

கொண்டாட்டம் நீடிக்கவில்லை. பெரிய நாட்டின் லீகில் பெல்கிரேட், ஸாக்ரெப், ஸ்பிளிட் என்று பலம் பங்கிடப்பட்டிருந்தது. சிறிய நாட்டின் லீகில் பணமும் அதிகாரமும் தலைநகரத்தில் குவிந்தன. ஸாக்ரெப்பின் டைனமோ 2006 முதல் 2016 வரை தொடர்ந்து 11 முறை சாம்பியன்; 2018 முதல் 2024 வரை தொடர்ந்து 7 முறை. நடுவே 2017-இல் ரியேகா ஒரு முறை நுழைந்தது. ஹாய்டுக்கின் கடைசி லீக் பட்டம் 2005-இல். இப்போது பத்து அணிகள் மட்டுமே உள்ள லீகில் ஒரு பருவத்தில் ஒரே எதிரியை நான்கு முறை சந்திக்க வேண்டும். பலவான் யார் என்பது வருஷத்துக்கு நான்கு தடவை நினைவூட்டப்படுகிறது.

ஆடுகளத்துக்கு வெளியேயும் கசப்பு வளர்ந்தது. டைனமோவை ஆட்டிவைத்தவரும் கால்பந்து சம்மேளனத்தின் துணைத் தலைவராக இருந்தவருமான ஸ்ட்ராவ்கோ மமிச்சுக்கு, கிளப்பின் ஆட்டக்காரர் விற்பனைப் பணத்தைக் கையாடியதாக 2018-இல் ஆறரை ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. தீர்ப்புக்கு முன்பே அவர் போஸ்னியாவுக்குப் போய்விட்டார். 2021-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. ஆனால் அதற்கு வெகு முன்பே ஸ்பிளிட் தன் பழைய ஆயுதத்தை எடுத்திருந்தது. 2014 நவம்பரில் ஸாக்ரெப்பில் டைனமோவுடன் ஆட்டம். ஹாய்டுக் ரசிகர்கள் சிலரை உள்ளே விட மறுத்தார்கள். அவர்கள் வராவிட்டால் நாங்களும் ஆடமாட்டோம் என்று அணி திரும்பிவிட்டது. ஆட்டம் 3-0 என்று டைனமோவுக்குக் கொடுக்கப்பட்டது. ஆடாமலே தோற்று ஊர் திரும்பிய வீரர்களை ஸ்பிளிட் மக்கள் ஆயிரக்கணக்கில் கூடி, கோப்பையை வென்றவர்களைப் போல வரவேற்றார்கள்.

எதிர்ப்பு எல்லாமே புனிதம் என்று எடுத்துக்கொண்டால் ஏமாற்றம்தான். அடுத்த ஆண்டு ஜூனில் இதே போல்யுட்டில் குரோஷியாவும் இத்தாலியும் மோதின. முந்தைய ஆட்டத்தில் எழுந்த இனவெறிக் கோஷங்களுக்குத் தண்டனையாக அரங்கம் காலியாக இருந்தது. புல்தரையில் ரசாயனத்தால் வரைந்த ஸ்வஸ்திகா மெல்லத் தெளிந்து தொலைக்காட்சியில் தெரிந்தது. அது தேசிய அணியின் ஆட்டம். ஹாய்டுக்குக்கு நேரடிச் சம்பந்தமில்லை. ஆனாலும் பாசிஸ்டுகளின் லீகில் ஆட மறுத்துத் தீவுக்கு ஓடிய ஒரு அணியின் வீட்டில் அந்தச் சின்னம் முளைத்தது. பெருமையான வரலாறு இருக்கிறது என்பதால் மட்டும் மண்ணில் களை முளைக்காமல் இருப்பதில்லை.

சம்மேளனத்தை மாற்ற முடியாத ரசிகர்கள் தங்கள் கிளப்பையாவது மாற்றினார்கள். கடனில் மூழ்கிய ஹாய்டுக் 2008-இல் பங்கு நிறுவனமானது. பெரும்பான்மைப் பங்கு நகராட்சியிடம். அரசியல் கட்சிகள் வேண்டியவர்களை நிர்வாகத்தில் நுழைப்பதைத் தடுக்க, ‘நாஷ் ஹாய்டுக்’ என்ற ரசிகர் சங்கம் முளைத்தது. ‘எங்கள் ஹாய்டுக்’ என்று அர்த்தம். 2011 முதல் மேற்பார்வைக் குழுவை உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். சங்கம் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, கிளப்பின் பங்குகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பகுதியை வாங்கியும்விட்டது. சுமார் 1,60,000 பேர் வாழும் நகரத்தின் கிளப்பில் 2024-இல் உறுப்பினர்கள் ஒரு லட்சத்தைத் தாண்டினார்கள்.

ஓட்டுப் போட்டுக் கோல் அடிக்க முடியாது என்பதும் உண்மை. வாக்காளர்களுக்கு அவசரம், பயிற்சியாளர்கள் வருவதும் போவதுமாக இருக்கிறார்கள். 2023-இல் ஹாய்டுக்கின் இளைஞர் அணி ஐரோப்பிய இளைஞர் லீகின் இறுதிவரை போனது. ஆனால் நல்ல பையன் ஒருவன் தலையெடுத்தால் வெளிநாட்டுப் பணம் வாசலில் நிற்கிறது. 2007-இல் பிறந்த தடுப்பாட்டக்காரர் லூக்கா வூஷ்கோவிச்சை, அவர் பதினேழு வயதை எட்டும் முன்பே லண்டனின் டாட்டன்ஹாம் பேசி முடித்துவிட்டது. 2022, 2023 ஆண்டுகளில் குரோஷியக் கோப்பை ஸ்பிளிட்டுக்கு வந்தது. லீக் மட்டும் வரவில்லை. 2024-25 பருவத்தில் இத்தாலியரான கத்தூஸோவின் பயிற்சியில் கடைசிவரை போராடி, சாம்பியன் ரியேகாவுக்கு இரண்டு புள்ளிகள் பின்னால், மூன்றாம் இடத்தில் முடிந்தது.

இருபது ஆண்டுகளாகப் பட்டமில்லை. 2005-இல் பிறந்த ஸ்பிளிட் பையன் வளர்ந்து ஓட்டுப் போடும் வயதையும் கடந்துவிட்டான். ஹாய்டுக் சாம்பியன் ஆனதை அவன் பார்த்த நினைவு கிடையாது. இருந்தும் ஒவ்வொரு வருஷமும் சந்தா கட்டி உறுப்பினராகிறான். ஜெயிக்கும் அணியை ஆதரிக்க யாருக்கும் காரணம் தேவையில்லை. அவனுக்குத் தேவைப்படுகிறது, அது அவன் தாத்தாவிடமிருந்து வந்திருக்கிறது. முசோலினியிடமும் டிட்டோவிடமும் முடியாது என்று சொன்ன கிளப் இது. பெரிய பணக்காரர் ஒருவர் நாளை வந்து, விற்றுவிடுங்கள், வருஷா வருஷம் கோப்பை வாங்கித் தருகிறேன் என்று சொன்னால் என்ன பதில் சொல்வது என்பதை இனி அந்த ஒரு லட்சம் பேரும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும்.