விக்டோரியா ஏரிக்கரையில் எங்கள் நாட்கள்

தான்சானியா நாட்டின் வடபால், விக்டோரியா ஏரியின் தென்கரையில் அமைந்தது முவான்சா நகர். ஏரி என்றவுடன் நம்மூர்க் கண்மாயை எண்ணிவிடலாகாது. இதன் பரப்பு ஏறக்குறைய 68,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல். கரையில் நின்றால் மறுகரை தெரியாது. நீரிலும் குன்றுகளிலும் யானைகள் படுத்திருப்பதுபோல் பெரும் பாறைகள் கிடக்கின்றன. இந்நகரின் புறத்தேயுள்ள ஒரு பங்கில் பொதுநிலைத் தொண்டராக நாங்கள் வந்து இருபது திங்கள் ஆகின்றன. பணி ஓய்வு பெற்று, பேரப்பிள்ளைகளையும் கண்டபின் இப்பயணம் எதற்கு என்று பிள்ளைகள் கேட்டார்கள். அவர்களுக்குத் தக்க விடையொன்றும் எங்களிடம் இருக்கவில்லை.

இப்பகுதிக்கு நற்செய்தி வந்தது 1883இல். வெண்ணிற அங்கியணிந்த ஆப்பிரிக்க மறைபரப்புத் தந்தையர் அருகிலுள்ள புகும்பியில் தங்கி வேலை தொடங்கினர். குருக்கள் மட்டும் வந்தார்கள் என்பதல்ல. சிறுவயதில் அடிமையாக விற்கப்பட்டு, அத்தந்தையரால் மீட்கப்பட்ட அட்ரியன் அத்திமான், மால்டாவில் மருத்துவம் கற்று, 1889இல் இந்நாட்டின் மேற்கெல்லையிலுள்ள கரேமாவுக்கு வந்தார். 1956இல் இறக்கும்வரை அங்கேயே நோயாளரைப் பேணினார். அவரோடு ஒப்பிட்டால் எங்கள் இரண்டாண்டு ஒரு சுற்றுலாதான்.

முதல் வாரமே கடிகாரம் எங்களை ஏமாற்றியது. ‘மூன்று மணிக்குக் கூட்டம்’ என்று வேதியர் சொன்னார். பிற்பகல் மூன்றுக்குப் போனோம். கோயில் முற்றத்தில் கோழிகளைத் தவிர ஒருவருமில்லை. சுவாகிலி மொழியில் நாளின் கணக்கு காலை ஆறு மணிக்குத் தொடங்குகிறது. மூன்று மணி என்றால் நம் ஒன்பது மணி! உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய நம் பாட்டனார் இதை எளிதில் புரிந்துகொண்டிருப்பார். கைக்கடிகாரம் கட்டிய எங்களுக்குத்தான் இரண்டு திங்கள் பிடித்தது.

எங்களுள் கணக்கராக இருந்தவர் பங்கின் வரவுசெலவு ஏட்டை எழுதி, இரண்டு இளைஞர்க்கு அதைக் கற்பிக்கிறார். தாதியாக இருந்தவர் மருந்தகத்தில் குழந்தைகளை எடை பார்க்கும் நாட்களில் பெயர் பதிகிறார். இந்நாட்டில் பதிவு பெறாமையால் ஊசி போட அவருக்கு உரிமையில்லை. முப்பதாண்டு ஊசி பிடித்த கை முதலில் வருந்தத்தான் செய்தது. நண்பகலில் உகாலி, மக்காச்சோள மாவைக் கிளறிய நம் களிதான். தொட்டுக்கொள்ளக் கீரையும், ஏரிக்கரையில் உலர்த்திய டகா என்னும் பொடிமீனும். நெத்திலிக் கருவாட்டை விரும்புவோர்க்கு டகாவில் குறையே தோன்றாது. புளிக்கும் இங்குப் பஞ்சமில்லை. ஆகவே வாரம் ஒருமுறை குழம்பு உண்டு.

வழியில் காணும் சிறுவர் ‘ஷிகமோ’ என்று வணங்குவர். ‘உம் பாதங்களைப் பற்றுகிறேன்’ என்பது அதன் மூலப்பொருளாம். ‘மரஹபா’ என்று முதியவர் ஏற்க வேண்டும். நரைத்த தலைக்கு இவ்வளவு மதிப்பை நாங்கள் அண்மையில் வேறெங்கும் பெற்றதில்லை. ஞாயிறு திருப்பலி இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. காணிக்கைப் பவனியில் பெண்கள் குலவையிடுவர். நம் தென்மாவட்டக் குலவையேதான். பூசை முடிந்ததும் காணிக்கையாக வந்த கோழி, முட்டை, கரும்பு எல்லாம் முற்றத்தில் ஏலம் போகும். ஒருமுறை அறியாமல் கையை உயர்த்தி, ஒரு சேவலுக்கு உடையவரானோம். அதிகாலையில் அது செய்த சேவையைப் பற்றி எழுதாமல் விடுகிறோம்.

சென்ற மார்ச்சுத் திங்கள், பெருமழைக் காலத்தில், ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. எங்கள் அக்காள் இறந்துவிட்டார். எங்களைத் தாய்போல் வளர்த்தவர். விமானம் பிடித்தாலும் அடக்கத்துக்குப் போய்ச் சேர வழியில்லை. கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தோம். மாலையில் வாசலில் ‘ஹோடி’ என்ற குரல். உள்ளே வரலாமா என்று அதற்குப் பொருள். நம் அன்பியத்தைப் போன்ற ஜுமுயியாவின் பெண்கள் நனைந்த துணியோடு நின்றார்கள். ‘போலே’ என்ற ஒரு சொல்தான் சொன்னார்கள்; நம் மொழியில் அதற்கு நேர்ச்சொல் இல்லை. பின் பாய் விரித்தார்கள். அடுப்பு மூட்டினார்கள். கண்டிராத ஒரு பெண்மணிக்காக, எட்டாத தொலைவிலுள்ள ஒரு கல்லறைக்காக, மூன்று நாட்கள் எங்கள் வீட்டில் அமர்ந்து செபமாலை சொன்னார்கள். இரவில் சிலர் அந்தப் பாயிலேயே உறங்கினார்கள்.

மூன்றாம் நாள் ஒருவர் ஒரு பள்ளி நோட்டைக் கொடுத்தார். யார் எவ்வளவு பணம், யார் எத்தனை படி மாவு, யார் விறகு என்று நம் மொய் நோட்டைப்போல் எழுதியிருந்தது. மொத்தம் 43 பெயர்கள். இவற்றைத் திருப்பிச் செய்வது இங்கு முறை. பணமாக ஒரே நாளில் கொடுத்துவிட முடியாது. அவரவர் வீட்டுத் துக்கத்தில் போய் உட்கார வேண்டும்.

எங்கள் காலம் முடிய இன்னும் நான்கு திங்களே உள்ளன. முழங்கால் வலி கூடியிருக்கிறது. பிள்ளைகள் பயணச்சீட்டுக்கு நாள் குறித்துவிட்டார்கள். மறுத்து எழுதவும் மனமில்லை, ஒப்பி எழுதவும் கை வரவில்லை. நோட்டில் இதுவரை ஏழு பெயர்களுக்கு எதிரே கோடிட்டிருக்கிறோம். எட்டாவது, விறகு சுமந்து வந்த அந்தக் கிழவியின் வீடு. நேற்று அவர் கணவர் இறந்தார். மழை சற்று விட்டிருக்கிறது. இரண்டு படி மாவைக் கட்டிவைத்துவிட்டு, சிற்றுந்து வரும் ஓசைக்காகக் காத்திருக்கிறோம்.