ஒப்பந்தத்தின் பதினேழாவது பத்தி

தோழர்களே, எங்களிடம் வந்த ஒரு தம்பியின் வேலை ஒப்பந்தத்தில் பதினேழாவதாக ஒரு பத்தி இருந்தது. கையெழுத்துப் போட்ட அன்று அவர் அதைப் படிக்கவில்லை. வழக்குப் போட்ட நாங்களும் சரியாகப் படிக்கவில்லை.

அவர் குடும்பத்தில் முதல் பட்டதாரி. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு நிறுவனத்தில் கணினியில் பில் பதிவு செய்யும் வேலை. பதவிப் பெயர் மட்டும் 'எக்ஸிகியூட்டிவ்'. சாதியைச் சொல்லி மேலாளர் கிண்டல் செய்ததை மனிதவளப் பிரிவில் புகாராகக் கொடுத்தார். அடுத்த மாதம் வேலை போனது. மூன்று மாதச் சம்பளமும் வரவில்லை.

அந்தப் பதவிப் பெயரை நம்பி உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போனது எங்கள் தவறு. எதிர்த்தரப்பு வக்கீல் எங்கள் வழக்குக்குப் பதிலே தரவில்லை. நான்கு பக்க மனு ஒன்றை மட்டும் நீட்டினார். தகராறு வந்தால் ஆர்பிட்ரேஷன்தான் என்று ஒப்பந்தம் சொல்கிறது, ஆகவே 1996 சட்டத்தின் 8ஆவது பிரிவுப்படி இங்கே விசாரிக்கக் கூடாது என்றார். பழைய 1940 சட்டத்தில் வழக்கை நிறுத்தி வைப்பதா வேண்டாமா என்று பார்க்க நீதிபதிக்குக் கொஞ்சம் இடம் இருந்தது. இப்போது, செல்லத்தக்க ஒப்பந்தம் இருந்து, முதல் பதிலுரைக்கு முன்பே கேட்டுவிட்டால், அனுப்பித்தான் ஆக வேண்டும். அனுப்பினார்கள். ஒரே நடுவர், அவரை நியமிப்பவர் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர், இடம் குருகிராம், நடுவர் கட்டணத்தில் பாதி தம்பியுடையது.

ஊர்ப் பஞ்சாயத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதா? நாட்டாமையை அவர்கள் வைப்பார்கள், கூடும் இடமும் அவர்கள் தெரு. "ஸ்டேஷனுக்கெல்லாம் எதுக்குப் போற, பேசித் தீத்துக்கலாம்" என்பார்கள். நம் தாத்தாக்கள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்ற இடம் அது. இரண்டு பெரிய கம்பெனிகள் தங்களுக்குள் நடுவர் வைத்துக்கொண்டால் நமக்கொன்றும் இல்லை. சம்பளம் கேட்பவனுக்கும் சம்பளத்தைப் பிடித்தவனுக்கும் நடுவில் அதே ஏற்பாடு என்றால்தான் பஞ்சாயத்து நினைவுக்கு வருகிறது.

தீர்ப்பில் அக்கறையுள்ள ஒருவர் தனி நடுவரை நியமிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொல்லிவிட்டது. ஆனால் வேறு நடுவர் கேட்க உயர் நீதிமன்றம் போக வேண்டும். அதற்குப் பணம்?

ஒரு வருடம் போன பிறகுதான் விழித்தோம். பதவிப் பெயர் முக்கியமில்லை, செய்யும் வேலைதான் முக்கியம். பில் பதிவு செய்பவர் சட்டத்தின் கண்ணில் தொழிலாளர். தொழிலாளர் தகராறுக்குத் தொழிலாளர் நீதிமன்றம் இருக்கிறது. ஒப்பந்தப் பத்தி அதை மூட முடியாது. கிங்ஃபிஷர் ஊழியர்கள் சம்பளப் பாக்கி கேட்டபோது நிறுவனம் இதே 8ஆவது பிரிவைக் காட்டியது. 2012இல் மும்பை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இன்னும் கடுமையாகப் பேசியது. ஊழியர் சம்பளத்துக்காகவும் வேலைநீக்கத்துக்கு எதிராகவும் உரிய அமைப்புகளை நாடிய பிறகு, நிறுவனம் நடுவர் கேட்டு உயர் நீதிமன்றம் போயிருந்தது. சென்னை உயர் நீதிமன்றமும் நடுவரை நியமித்திருந்தது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, இது சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்துவது என்று சொல்லி, நிறுவனம் 5 லட்சம் ரூபாய் செலவுத்தொகை கட்ட வேண்டும் என்றது.

உண்மையிலேயே மேலாளர் வேலை பார்ப்பவர்களுக்குத் தொழிலாளர் நீதிமன்றக் கதவு எளிதில் திறக்காது. நம் பிள்ளைகள் இப்போது அந்த நாற்காலிகளுக்கும் போகிறார்கள், கையெழுத்துக்கு முன்பே அந்தப் பத்தியைத் தேடிப் படிக்கட்டும். சாதி சொல்லி இழிவுபடுத்தியது தனிக் கணக்கு. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டக் குற்றத்தை எந்த நடுவரும் விசாரிக்க முடியாது. அந்தப் புகாரைத் தனியாகக் கொடுத்திருக்கிறோம்.

தொழிலாளர் நீதிமன்றத்திலும் நிறுவனம் அதே நான்கு பக்க மனுவைப் போட்டது. தள்ளுபடி ஆனது. அடுத்த வாய்தாவில் தம்பி சாட்சி சொல்ல வேண்டும். தினமும் என்ன வேலை செய்தார் என்று காட்டும் மின்னஞ்சல்களை அச்செடுத்துக்கொண்டிருக்கிறோம். 212 பக்கம் வந்ததும் மை தீர்ந்துவிட்டது. யாரிடமாவது பிரிண்டர் இருந்தால் சொல்லுங்கள்.