பதினைந்து நிமிடம்

"பதினைந்தே நிமிடத்தில் தாய்லாந்து இறால் நூடில்ஸ்" என்ற காணொளியைப் பார்த்துத்தான் எல்லாம் தொடங்கியது.

சாச்சியின் பிள்ளைப்பேற்றுக்காக உம்மா மட்டக்களப்புக்குப் போயிருந்தார். வீட்டில் வாப்பா, தம்பி, நான். மூன்று நாளாகப் பருப்பும் முட்டைப் பொரியலும்தான். நான்காம் நாள் தம்பி கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டான். அன்று பின்னேரம் வாப்பா கல்முனைச் சந்தையிலிருந்து அரைக்கிலோ இறால் வாங்கி வந்தார். நான் கடையில் இரண்டு பைக்கற் அரிசி நூடில்ஸும் ஒரு போத்தல் மீன் சோஸும் வாங்கினேன். உம்மா செய்வதைப் போலவே போத்தலைத் திருப்பி ஹலால் இலச்சினை இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் காசு கொடுத்தேன்.

வழக்கமான நூடில்ஸ் போலத்தானே என்று நினைத்து முதல் பைக்கற்றைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டேன். இறாலைக் கழுவிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் சட்டிக்குள் கஞ்சி. கரண்டியால் தூக்கினால் கட்டியாக வந்தது. தம்பி வாய்விட்டுச் சிரித்தான்.

சத்தம் கேட்டு வாப்பா குசினி வாசலுக்கு வந்தார்.

"கொதிதண்ணிக்குள்ள போட்டீங்களா மகள்?"

"ஓம் வாப்பா."

"இது அரிசி. பச்சத் தண்ணியில அரை மணித்தியாலம் ஊறினாக் காணும். வளைஞ்சு குடுக்கணும், ஆனா வேகப்படாது. மிச்சத்த தாச்சி பார்த்துக்கொள்ளும்."

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் இறாலை எடுத்தார். தலையைக் கிள்ளி, கால் பக்கமாகப் பெருவிரலை ஓட்டினார். ஓடு ஒரே இழுவையில் கழன்று வந்தது. முதுகில் ஒரு கீறல், கறுப்பு நரம்பும் வெளியே வந்துவிட்டது. நான் ஆறு இறால் உரித்து முடிப்பதற்குள் மிச்சம் எல்லாவற்றையும் அவர் முடித்திருந்தார். அவர் கைகளைப் பார்க்கவேயில்லை. என்னோடு பேசிக்கொண்டே செய்தார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு உரிச்சிருப்பீங்க வாப்பா?"

"தொடக்கத்தில பத்துக் கிலோ. வெள்ளிக்கிழமையெண்டா இருபது."

எனக்கு அடுத்த கேள்வி வரவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

எனக்கு நான்கு வயதாக இருக்கும்போது வாப்பா கட்டாருக்குப் போனார். பன்னிரண்டு வருடம் அங்கே இருந்துவிட்டுப் போன வருடம்தான் வந்தார். ஹோட்டலில் வேலை என்று மட்டும் எனக்குத் தெரியும். ஐந்தாம் தரத்தில் ஒரு நாள், ஒவ்வொருவரின் தந்தை என்ன தொழில் செய்கிறார் என்று ஆசிரியை கேட்டார். எனக்கு முன்னால் எழுந்தவர் பொறியியலாளரின் மகள். அவருக்கு முன்னால் எழுந்தவர் வங்கி முகாமையாளரின் மகள். நான் எழுந்து, "கட்டாரில் பெரிய ஹோட்டலில் சுப்பவைசர்" என்றேன். அன்றிரவு வாப்பா தொலைபேசியில் பேசியபோது அதைப் பெருமையாக அவரிடமும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சிரித்து, "சரி மகள்" என்றார். அதன்பிறகு குசினியைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. அந்தப் பொய்யை நான் ஒரு தரம்தான் சொன்னேன். அவர் ஏழு வருடம் அதைக் காப்பாற்றினார்.

நூடில்ஸ் ஊறும் நேரத்தில் வாப்பா சோஸைக் கூட்டினார். கரைத்த புளி, மீன் சோஸ், பனங்கட்டி, மூன்றும் ஏறக்குறைய சம அளவு. விரலில் தொட்டு எனக்கு நக்கத் தந்தார். முதலில் புளிப்பு, பிறகு உப்பு, கடைசியில் இனிப்பு. "இது சரியெண்டா எல்லாம் சரி" என்றார். காய்ந்த இறாலுக்குப் பதிலாக உம்மாவின் டப்பாவிலிருந்து ஒரு பிடி கூனி எடுத்தார். நான் கச்சானை வறுத்து இடித்தேன்.

சீனர்கள் கொண்டுவந்த நூடில்ஸ்தான் இந்தச் சாப்பாட்டின் தொடக்கம் என்றும், அவர் வேலை செய்த இடத்தின் தாய்லாந்துச் சமையற்காரர் அதைத் தங்கள் நாட்டின் சாப்பாடு என்றே சொல்வார் என்றும் வாப்பா சொன்னார். பிறகு நான் தேடிப் படித்தேன். சியாம் என்ற பெயர் 1939இல் தாய்லாந்து என்று மாறியது. அந்தக் காலத்தில் ஆட்சியிலிருந்த பிபுன்சொங்கிராமின் அரசாங்கமே இந்த நூடில்ஸை நாடெங்கும் பரப்பியது. வெளியிலிருந்து வந்த ஒன்று ஒரு நாட்டின் அடையாளமாகிவிட்டது. நமது கறிக்குள் இருக்கும் மிளகாயும் போர்த்துக்கேயரோடு வந்ததுதானே!

தாச்சி புகைய ஆரம்பித்ததும் வாப்பா கரண்டியை என்னிடம் தந்தார். "பிஸ்மி சொல்லிப் போடுங்க. ரெண்டு பேருக்குரியது மட்டும். கனக்கப் போட்டா சூடு குறைஞ்சு எல்லாம் ஒட்டும்."

எண்ணெயில் இறால். நிறம் மாறி வளைந்ததும் வெளியே எடுத்தேன். பூடும் கூனியும் மணத்ததும் நூடில்ஸ், அதன் மேல் சோஸ், ஒரு கை தண்ணீர். ஒரு பக்கம் ஒதுக்கி முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறினேன். பிறகு முளைத்த பயறும் வெங்காயத் தாளும். கடைசியில் இறாலைத் திரும்பப் போட்டு ஒரு பிரட்டு. அடுப்பில் இருந்தது ஐந்து நிமிடம்தான். ஊறியதும் உரித்ததும் இடித்ததும் காணொளியின் கணக்கில் இல்லை.

என் கையைப் பிடித்துத் தாச்சியைத் தூக்கக் காட்டித் தந்தபோது வாப்பாவின் முன்கையிலுள்ள நீளத் தழும்பு வெளிச்சத்தில் தெரிந்தது. முன்பு கேட்டபோது "பழைய காயம்" என்று மட்டும் சொன்னார்.

"இது தாச்சி பட்டதா வாப்பா?"

"ஓம். எண்ணெய். நோன்பு காலத்தில."

"உம்மாக்குத் தெரியுமா?"

"உம்மாக்கு எல்லாம் தெரியும்" என்று சிரித்தார். "உங்களுக்குத்தான் நான் சுப்பவைசர்."

தேசிக்காய் பிழிந்து, கச்சான் தூவி மூன்று பேரும் சாப்பிட்டோம். தம்பி கோப்பையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு இன்னும் கேட்டான். எனக்குத் தொண்டை அடைத்தது. உறைப்பு என்று சொல்லிச் சமாளித்தேன். வாப்பா தண்ணீர் ஊற்றித் தந்தார். நம்பினாரா என்று தெரியாது.

"மன்னிச்சுக்கொள்ளுங்க வாப்பா" என்று அன்றிரவு சொல்ல நினைத்தேன். வார்த்தை வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஐந்தாம் தரத்தில் என்னோடு இருந்த பலர் இன்றும் இதே கல்லூரியில் உயர்தரம் படிக்கிறார்கள். இந்தச் சஞ்சிகை அவர்கள் கைக்கும் போகும், என் வாப்பாவின் கைக்கும் போகும்.

தோழியரே, அன்று நான் சொன்னது பொய். என் வாப்பா சுப்பவைசர் அல்லர். அவர் சமையற்காரர். எங்கள் வீட்டுக் கூரையும், நான் படிக்கும் புத்தகமும், இதை எழுதும் பேனையும் அவர் உரித்த இறாலில் வந்தவை. நம்பாவிட்டால் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வாருங்கள். நூடில்ஸை அரை மணித்தியாலம் முன்பே ஊற வைக்கிறேன்.