மங்கிலிருந்து சக்கரம் வரை

சிலிம் ரிவரில் கித்தா (ரப்பர்) மரம் வெட்டுகிறவர்களின் வேலை கிழக்கு வெளுப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. இது பழைய தோட்டத் துரைமார் போட்ட சட்டம் மட்டுமல்ல, மரத்தின் இயல்பும் அதுதான். இரவு முழுவதும் நீர் ஏறி, பட்டைக்குள் ஓடும் பால் நாளங்களில் அழுத்தம் கூடியிருக்கும். வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக விடத் தொடங்கியதும் அந்த அழுத்தம் இறங்கிவிடும். காலை ஆறு மணிக்கு வெட்டினால் வரும் பால் பத்து மணிக்கு வெட்டினால் வராது. அதனால்தான் நெற்றியில் விளக்கைக் கட்டி, கொசுக்கடிக்குப் பயந்து முழுக்கைச் சட்டை மாட்டி, இருட்டிலேயே நிரைக்குள் இறங்குகிறார்கள்.

ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்குப் போகும் பழைய சாலையில், துரோலாக்குக்கும் தஞ்சோங் மாலிமுக்கும் நடுவே இருக்கிற ஊர் இது. ஒரு காலத்தில் சாலையின் இருபுறமும் கித்தாக் காடு. இன்று கண்ணுக்கு எட்டிய வரை செம்பனை. கித்தா மிஞ்சியிருப்பது பெரும்பாலும் சிறுதோட்டங்களில்தான். கம்பத்து வீடுகளுக்குப் பின்னால், குன்றுச் சரிவுகளில், இரண்டு ஏக்கரும் நான்கு ஏக்கருமாக அவை கிடக்கின்றன. நாடு முழுவதும் இதே நிலைதான். மலேசியாவின் இயற்கை ரப்பரில் பெரும் பகுதி சிறுதோட்டக்காரர்களிடமிருந்து வருகிறது.

வெட்டு பார்ப்பதற்கு எளிது, பழகுவதற்குக் கடினம். கத்தியை ஜெபோங் என்பார்கள். நுனி மடங்கிய சிறிய கத்தி, இழுத்துச் சீவ வேண்டும். மரத்துக்கு முன் நின்றால் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, ஏறக்குறைய 30 பாகைச் சரிவில் கோடு இறங்கும். பால் நாளங்கள் மரத்தைச் சுற்றிச் சற்றே சாய்ந்து ஏறுவதால், இந்தத் திசையில் வெட்டினால்தான் அதிக நாளங்கள் அறுபடும். ஒவ்வொரு வெட்டுக்கும் சீவிப் போகும் பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் கனம். ஆழம் இன்னும் நுணுக்கமானது. கட்டைக்கும் பட்டைக்கும் நடுவில் இருக்கும் வளர்படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் கத்தி நின்றுவிட வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. கூடினால் மரத்தில் காயம் பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும்; பிறகு அந்த இடத்தில் கத்தி ஓடாது. இருட்டில், ஒரு விளக்கு வட்டத்துக்குள், ஒரு மரத்துக்கு அரை நிமிடம்கூட நிற்காமல், இந்த அளவைக் கை தானாகவே பிடிக்கிறது. கைவேலை என்று போற்றி எழுதப்படும் தொழில்களின் பட்டியலில் பால்மர வெட்டு இடம் பெறுவதில்லை. கூலிவேலை என்று அதை எழுதி முடித்துவிட்டார்கள்.

வெட்டுவதற்கு முன், போன வெட்டில் கோட்டிலேயே காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்துப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கும் விலை உண்டு. பிறகு வெட்டு. தகரத் தாரை வழியாகப் பால் மங்கு எனும் கிண்ணத்தில் சொட்டும். பழைய தோட்டங்களில் மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, மங்குகளை வாளியில் வழித்து, காண்டாக் கம்பில் தூக்கிக்கொண்டு பால் கொட்டகைக்குப் போவார்கள். இன்று சிறுதோட்டங்களில் அந்த நடை பெரும்பாலும் இல்லை. மங்கிலேயே சிறிது ஃபார்மிக் அமிலம் விட்டு உறைய வைத்து, இரண்டு மூன்று வெட்டு சேர்ந்ததும் கட்டிப்பாலாகக் குத்தி எடுக்கிறார்கள். கோணிப்பையில் கட்டி மோட்டார் சைக்கிளின் பின்னால் வைத்தால், அது போகும் வழியெல்லாம் வாடை தெரியும். கையிலிருந்து எளிதில் போகாத வாடை அது. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வது வெட்டுக்காரர்களுக்குப் பழகிப்போன விஷயம்.

மழை பெய்தால் வெட்டு இல்லை. பட்டை ஈரமாக இருந்தால் பால் கோட்டில் நிற்காமல் மரமெங்கும் வழிந்து வீணாகும். தித்திவங்சா மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கும் இந்த வட்டாரத்தில் மழைக்குக் குறைவில்லை. ஆண்டின் முற்பகுதியில் மரம் இலையுதிர்க்கும் வாரங்களிலும் வரும்படி விழுந்துவிடும். மரம் சொந்தமில்லாதவர் பாதிக்குப் பாதி என்ற கணக்கில் வெட்டுகிறார். எடையில் பாதி நிலக்காரருக்கு, பாதி வெட்டியவருக்கு. கட்டிப்பாலில் ஏறக்குறைய பாதி நீர் என்பதால், உலர்ந்த சரக்கு எவ்வளவு தேறும் என்பதை வாங்குகிற வியாபாரி பெரும்பாலும் கண்ணாலும் விரலாலும் மதிப்பிடுவார். அந்த மதிப்பீட்டோடு வாதாட வெட்டுக்காரரிடம் கருவி எதுவும் கிடையாது. விலை சிங்கப்பூர், ஷாங்காய் சந்தைகளில் முடிவாகிறது. சிலிம் ரிவர் வியாபாரி அதைக் கைப்பேசியில் பார்த்துச் சொல்கிறார், அவ்வளவுதான்.

இந்தக் கட்டிப்பால் ஆலைக்குப் போய், கழுவி, நறுக்கி, உலர்த்தி, கட்டை ரப்பராகி, டயர் ஆகிறது. உலகின் இயற்கை ரப்பரில் ஏறக்குறைய 70 விழுக்காடு டயருக்குத்தான் போகிறது. மலேசிய ரப்பரை அதிகம் வாங்குவது சீனா. ஆனால் சீனாவில் வார்க்கப்படும் டயர்களில் கணிசமான பங்கு கடல் தாண்டிப் போகிறது. ஒரு சாதாரண கார் டயர் பத்து கிலோ எடை. அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இயற்கை ரப்பர். அதற்கு நான்கு கிலோவுக்குச் சற்றுக் குறைவான கட்டிப்பால் வேண்டும். மலேசிய அரசு 2024-இல் தரைவிலையாக வைத்த கிலோவுக்கு 3 ரிங்கிட் என்ற கணக்கில் பார்த்தால், காட்டில் அதன் மதிப்பு பன்னிரண்டு ரிங்கிட்டை எட்டாது. பாதிக்கு வெட்டுகிறவருக்கு அதில் கிடைப்பது ஆறு ரிங்கிட்டுக்கும் குறைவு. கடையில் நூறு டாலரோ நூறு யூரோவோ கொடுத்து அந்த டயரை வாங்குகிறவர், வெட்டுக்காரருக்கு இரண்டு மடங்கு கொடுத்தாலும் தன் ரசீதில் வித்தியாசத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வெட்டுகிறவருக்கும் டயர் வாங்குகிறவருக்கும் இடையிலான இந்த உறவு தொடங்கி நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலின் தப்பஜோஸ் ஆற்றங்கரையிலிருந்து எழுபதாயிரம் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அடுத்த ஆண்டே அவற்றின் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. சில பேராக்கின் கோலாகங்சாரில் நடப்பட்டன, அவற்றில் ஒரு மரம் இன்றும் அங்கே நிற்கிறது. மரத்தைக் கொல்லாமல் பட்டையைத் திரும்பத் திரும்பச் சீவும் முறையைச் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் ஹென்றி ரிட்லி 1890-களில் வகுத்தார். 1908-இல் ஃபோர்டின் மாடல் டி கார் வந்தது. 1910-இல் இலண்டனில் ஒரு பவுண்டு ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியது. பேராக்கிலும் சிலாங்கூரிலும் காடுகள் அழிந்து தோட்டங்கள் எழுந்தது அந்த ஏற்றத்தில்தான்.

அதே ஆண்டுகளில் மேற்கு நாட்டு மக்களின் மனச்சாட்சியும் ரப்பரை ஒட்டியே விழித்தது. காங்கோவில் லியோபோல்டு மன்னரின் ஆட்சியில் காட்டு ரப்பருக்காக மக்களின் கைகள் வெட்டப்பட்ட செய்தி வெளியாயிற்று. பிரிட்டிஷ் தூதரக அதிகாரி ரோஜர் கேஸ்மெண்ட் 1904-இல் காங்கோ பற்றியும், பின்னர் பெருவின் புட்டுமாயோ பற்றியும் அறிக்கைகள் எழுதினார். பிரிட்டனில் கூட்டங்கள் நடந்தன, எதிர்ப்புகள் எழுந்தன. காட்டு ரப்பரின் கொடுமை ஓய்ந்ததற்கு அந்தப் போராட்டம் ஒரு காரணம். மலாயாவின் தோட்ட ரப்பர் மலிவாக வந்து சந்தையைப் பிடித்தது இன்னொரு காரணம். வாங்குகிறவர்களின் பார்வையில் தோட்ட ரப்பர் களங்கமற்ற சரக்கு. மலேரியா காட்டில் திருச்சி, தஞ்சை, சேலத்து ஆட்கள் மாண்டுபோனதும், கங்காணியிடம் பட்ட கடனும், ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் என்ற தினக்கூலியும் காங்கோவின் அளவுக்கு யாரையும் தெருவுக்கு இழுக்கவில்லை. வெட்டுண்ட கை ஒரு படமாகிறது. பட்டினிக்கூலி படமாவதில்லை.

அமெரிக்கச் சட்டம் ஒன்று இதைவிட நேராகவே பேசியது. கட்டாய உழைப்பில் செய்த பொருள்களை இறக்குமதி செய்யக் கூடாது என்று 1930-ஆம் ஆண்டுச் சுங்கவரிச் சட்டத்தின் 307-ஆம் பிரிவு தடுத்தது. ஆனால் நாட்டின் தேவைக்கு உள்நாட்டில் போதிய அளவு விளையாத பொருளுக்கு விலக்கு உண்டு என்றும் சேர்த்துக்கொண்டது. தேவைக்குப் போதிய ரப்பர் அமெரிக்க மண்ணில் விளையாது. அறம் வேண்டும், ஆனால் டயரும் வேண்டும் என்பதற்கு இவ்வளவு ஒளிவுமறைவற்ற வாசகம் வேறு கிடைப்பது அரிது. அந்த விலக்கு நீங்க 2016 வரை ஆயிற்று.

வாங்குவது நின்றாலும் அடி விழுந்தது உழைப்பவர் மேல்தான். 1930-களின் மந்தத்தில் ரப்பர் விலை தரைதட்டியபோது கூலி குறைந்தது, பல்லாயிரம் தொழிலாளர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1942 ஜனவரி 7-ஆம் தேதி விடியற்காலையில் ஜப்பானிய டாங்கிகள் துரோலாக்கிலிருந்து சிலிம் ரிவர் வரை தோட்டங்களுக்கு நடுவே போகும் சாலை வழியாகவே பாய்ந்து, 11-ஆம் இந்தியப் படைப்பிரிவைச் சிதறடித்தன. குளுனித் தோட்டத்தின் பெயர் அந்தப் போர் வரலாற்றில் வருகிறது. அதன் பிறகு மேற்குச் சந்தை அடைபட்டது. வெட்டுக்கு வேலையில்லை, அரிசியும் இல்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் தமிழர்கள், சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை.

விடுதலைக்குப் பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஆங்கிலேய முதலாளிகள் விற்ற தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அதைத் தடுக்க 1960-இல் அன்றைய அமைச்சர் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மிஞ்சிய தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. வெட்டு தெரிந்த பெண்கள் பலர் மருந்தடிக்கும் வேலைக்குப் போனார்கள். முதுகில் தோம்பு, கையில் குழாய், மூக்கில் வெறும் துணி. நகம் கழன்றதும் மூக்கில் ரத்தம் வந்ததும் அவர்களுக்குத் தெரியும், அது கிரமொக்சோன் களைக்கொல்லி என்றும் தெரியும். அதன் மூலப்பொருளான பாராகுவாட்டை, தயாரிக்கும் நிறுவனத்தின் தாயகமான சுவிட்சர்லாந்து 1989-லேயே தடை செய்திருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007-இல் அதன் அனுமதி ரத்தானது. மலேசியா 2002-இல் தடை அறிவித்து, 2006-இல் தளர்த்தி, 2020 ஜனவரியில்தான் முழுத் தடைக்கு வந்தது. பிரிட்டன் ஆலையிலிருந்து ஏற்றுமதி மட்டும் அதற்குப் பிறகும் நடந்தது. தன் வயலில் தெளிக்க அனுமதிக்காத மருந்தை அடுத்தவன் வயலுக்கு விற்பதில் பிரிட்டன் அரசு முரண் காணவில்லை.

ரப்பர் கையுறையின் கதை கொஞ்சம் வேறு. எய்ட்ஸ் அச்சத்தில் 1980-களின் இறுதியில் மேற்கு மருத்துவமனைகள் கையுறையைக் கட்டாயமாக்கின. மலேசியா உலகின் முதன்மை உற்பத்தியாளர் ஆயிற்று. கையுறை ஆலைகளுக்கு நேபாளிகளும் வங்காளதேசத்தவரும் வந்தார்கள், முகவருக்குக் கட்ட வாங்கிய கடனோடு. கங்காணிக் கடனை அறிந்தவர்களுக்கு இதில் புதிது ஒன்றும் இல்லை. 2020 ஜூலையில், கொரோனாவுக்காக உலகமே கையுறை தேடிக்கொண்டிருந்த நேரத்தில், டாப் கிளவ் நிறுவனத்தின் சரக்கை 307-ஆம் பிரிவின் கீழ் அமெரிக்கச் சுங்கத் துறை நிறுத்தியது. 2022 ஜனவரியில் பேராக்கின் சித்தியவானில் இருக்கும் ஒய்டிஒய் குழுமத்துக்கும் அதே நிலை. செம்பனையில் எஃப்ஜிவி, சைம் டார்பி நிறுவனங்களும் சிக்கின. டாப் கிளவ் தொழிலாளர்களுக்கு 13 கோடி ரிங்கிட்டுக்கும் மேல் திருப்பிக் கொடுத்தது, 2021 செப்டம்பரில் தடை நீங்கியது. வாங்குகிறவர் கேட்டால் பணம் திரும்பும் என்பதற்கு இது சான்று. ஏற்றுமதியாளர் பெயர் தெரிந்து, வாசல் ஒன்று இருந்து, சரக்கை நிறுத்தும் அதிகாரமும் இருந்ததால் நடந்தது.

சிறுதோட்டத்துக்கு வாசல் கிடையாது. சிலிம் ரிவரின் கட்டிப்பால் வியாபாரியின் கொட்டகையில் இருபது பேருடைய சரக்கோடு கலக்கிறது, ஆலையில் இருநூறு பேருடையதோடு. டயர் நிறுவனங்கள் 2018-இல் சிங்கப்பூரைத் தளமாக வைத்து நிலைத்தகு ரப்பருக்கான அமைப்பைத் தொடங்கின. 2023-இல் ஐரோப்பிய ஒன்றியம் காடழிப்புத் தடுப்பு விதியை நிறைவேற்றி, ரப்பர் வெட்டிய நிலத்தின் வரைபடப் புள்ளியைக் கேட்கிறது. அமலாக்கம்தான் தள்ளித் தள்ளிப் போகிறது. காடு காக்கப்படுவது நல்லது. ஆனால் இந்த விதி நிலத்தின் புள்ளியைத்தான் விலாவாரியாகக் கேட்கிறது. அந்தப் புள்ளியில் நின்று வெட்டியவருக்கு என்ன விலை கிடைத்தது என்று அதில் எந்தக் கட்டமும் கேட்கவில்லை. விவரம் சேர்க்கும் வேலையோ அவர் தலையில் வந்து விழுகிறது.

விலை விழும்போது கைகொடுப்பது மலேசிய அரசின் ரப்பர் உற்பத்தி ஊக்கத்தொகை. 2024 வரவு செலவுத் திட்டத்தில் கட்டிப்பாலின் தரைவிலை கிலோவுக்கு 2.70 ரிங்கிட்டிலிருந்து 3 ரிங்கிட்டாக உயர்ந்தது. சந்தை விலை அதற்குக் கீழே போகும் மாதங்களில் மலேசிய ரப்பர் வாரியத்தின் பாட்-ஜி அனுமதி அட்டை வைத்திருப்பவர் வித்தியாசத்தைக் கோரலாம். நிலக்காரருக்கும் வெட்டுக்காரருக்கும் தனித்தனி அட்டை உண்டு, விற்ற ரசீதைச் சேர்த்து வைக்க வேண்டும். டயரை வாங்கியவர் கொடுக்காமல் விட்ட தொகையை இப்படி மலேசிய வரிப்பணம் ஈடுகட்டுகிறது. வெட்டுக்காரரின் பிள்ளைகள் தஞ்சோங் மாலிமில் புரோட்டோன் கார்த் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறார்கள். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். வேலை கூரைக்குக் கீழே, மழை நாளுக்கும் கூலி உண்டு.