குடிச்சு செத்தவங்க இல்ல

எங்கள் அண்ணன் செத்தபோது அவனுக்கு வயது 26. லாரியில் நெல்மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்தான். "காலனிப் பையன்தானே, குடிச்சிருப்பான்" என்றது ஊர். அவன் குடித்ததே இல்லை. அப்பாவும் 38 வயதில் வரப்பில் இப்படித்தான் விழுந்தார். அப்போதும் இதே பேச்சுதான். இருவரையும் பிரேதப் பரிசோதனை இல்லாமலே புதைத்தோம்.

அடுத்த ஆண்டு தம்பிக்கு மூச்சு வாங்கியது. இரண்டு முறை மயங்கி விழுந்தான். முதலில் பார்த்த டாக்டர் கேட்ட ஒரே கேள்வி, "குடிப்பியா?" நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைக்காமலே கேஸ் மாத்திரை எழுதினார்.

பிறகு அரசு மருத்துவமனையில் ஒரு பயிற்சி டாக்டர், "வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா?" என்று கேட்டார். அம்மா அழுதுகொண்டே இரண்டு பெயரையும் சொன்னார். உடனே ஈசிஜி, எக்கோ எடுத்தார்கள். இதயத்தின் நடுச்சுவர் 22 மில்லிமீட்டர் தடித்திருந்தது. 15 இருந்தாலே இந்த நோயைச் சந்தேகிப்பார்களாம். ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி என்றார்கள். தடித்த தசை ரத்தம் போகும் வழியை அடைக்கலாம். துடிப்பு தாறுமாறானால் நொடியில் உயிர் போகலாம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

இதயத்தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப் போகும் மாற்றம் ஒன்றைப் பற்றி 2009இல் இந்திய ஆய்வாளர்கள் எழுதினார்கள். இதயத்தசை நோய் வரும் ஆபத்தைக் கூட்டும் அந்த மாற்றம் தெற்காசியர்களில் ஏறத்தாழ 100க்கு 4 பேரிடம் உண்டு. ஊரிலும் உண்டு, சேரியிலும் உண்டு. எங்கள் ரத்தத்தில் இருப்பது அதுவா, வேறொன்றா என்று சோதிக்க எங்களிடம் பணம் இல்லை.

தம்பி தினமும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறான். ஆபத்தான துடிப்பை அதிர்ச்சி கொடுத்து நிறுத்தும் ஐசிடி கருவியை நெஞ்சில் பொருத்தலாம் என்கிறார்கள். அதற்கு லட்சக்கணக்கில் வேண்டும். மனு போட்டுக் காத்திருக்கிறோம். மூட்டை தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மூட்டைதான் எங்கள் வீட்டுச் சோறு. இப்போது செல்போன் கடையில் பாதிக் கூலிக்கு உட்கார்ந்திருக்கிறான்.

அண்ணன் மகளுக்கு ஆறு வயது. அவளுக்கும் எக்கோ எடுத்தோம். இப்போதைக்கு ஒன்றுமில்லை. ஆனால் வளர வளரத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

தோழர்களே, உங்கள் வீட்டில் இளம் வயதில் திடீரென்று செத்தவர்களின் பெயரையும் வயதையும் எழுதிவையுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். எங்கள் அப்பா செத்தபோதே யாராவது கேட்டிருந்தால், அண்ணன் அன்று அந்த மூட்டையைத் தூக்கியிருக்க மாட்டான்.