ஒரகடத்துச் செம்மறியும் ஒரு தராசும்

ஸ்ரீபெரும்புதூர் – சிங்கப்பெருமாள்கோவில் சாலையில், வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது ஒரகடம். 2010-ல் ரெனோ-நிஸான் கார் ஆலை திறந்த பிறகு, மேய்ச்சல் காடாகக் கிடந்த இடங்களில் மதில்கள் எழும்பிவிட்டன. மிஞ்சிய தரிசிலும் ஏரிக்கரையிலும்தான் செம்மறிகள் மேய்கின்றன.

இங்குள்ள 'மெட்ராஸ் சிவப்பு' இனத்துக்கு உடம்பில் குட்டை முடிதான். கத்தரித்து விற்கக் கம்பளி கிடையாது. வருமானம் முழுக்கக் கறிக்கு விற்பதில்தான். அதையும் வியாபாரி கண்மதிப்பில் வாங்குகிறார். 25 கிலோ ஆட்டை 22 கிலோ என்று மதித்தால், உயிர் எடை கிலோ 400 ரூபாய் என வைத்தாலும் ஆட்டுக்கு 1,200 ரூபாய் போச்சு!

கனடாவில் சிறு ஆட்டுக்காரர்கள் 1918-லேயே கம்பளிக் கூட்டுறவு தொடங்கினார்கள். எல்லோருடைய கம்பளியையும் ஓரிடத்தில் சேர்த்து, தரம் பிரித்து, மொத்தமாக விற்றார்கள். கறி ஆட்டுக்கும் இதே வழி பொருந்தும். பத்துக் குடும்பம், ஆளுக்கு இரண்டு கிடா என்றால் ஒரு வண்டிச் சுமை. பக்ரீத்துக்கு முன்பாகத் தராசில் நிறுத்துப் பேசலாம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் பதிவு செய்யவும் பத்துப் பேர் போதும்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பள்ளிக் கட்டணம், ஆஸ்பத்திரி என்று திடீர்ச் செலவு வந்தால், உறுப்பினரே ராத்திரியில் வியாபாரியிடம் ஓட்டிவிடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. சங்கம் கையில் கொஞ்சம் பணம் வைத்திருந்து, ஆட்டின் பேரில் முன்பணம் கொடுத்து, விற்றதும் கழித்துக்கொள்ள வேண்டும். சந்தா வசூலிக்கும்போதே இதற்கென ஒரு பங்கை ஒதுக்கிவிடலாம்.