சடையும் தன்மானமும்

சடை என்றதும் நம்மவர் நினைவிலே வந்து நிற்பவர் சாமியார்! சீவாது, கழுவாது, அழுக்கேறித் திரண்ட முடி! இலண்டனில் என் அண்டைவீட்டவரான ஜமைக்காத் தோழரிடம் இதைச் சொன்னேன், வாய்விட்டுச் சிரித்தார். "அழுக்கா? வாரந்தவறாமல் கழுவுகிறேனே!" என்றார்.

சுருள்முடியைச் சிறுசிறு கட்டங்களாக வகிர்ந்து, இரண்டிரண்டு புரியாக முறுக்கி விடுகிறார்கள். உதிரும் மயிர் கீழே விழாது உள்ளேயே சிக்கி, திங்கள் பல கழித்துத் திரியாக இறுகுகிறது. அருளுமில்லை, ஆவேசமுமில்லை, சுருளின் இயல்பு, அவ்வளவே! மெழுகு தடவினால் அழுக்கு அடையும். ஈரம் உலராவிடில் நாற்றமெடுக்கும். இழுத்து முறுக்கினாலோ நெற்றியோரம் வழுக்கை விழும்.

1963-இல் ஜமைக்காவின் கோரல் கார்டன்ஸ் நிகழ்ச்சியின்போது காவலர்கள் ராஸ்தபாரியரைச் சிறையிலிட்டு, சடையையும் வெட்டினர். அவர்தம் சமயக் கொள்கை எனக்கு உடன்பாடன்று. ஆயினும் பிறர் தலையிலே கத்தரி வைக்க எவருக்கு உரிமை? அரசு மன்னிப்புக் கேட்க 2017 வரை ஆயிற்று! கலிபோர்னியாவில், சடையைக் காட்டி வேலை மறுக்கலாகாது என்று சட்டம் இயற்றியதே 2019-இல்தான்.

தோழரின் மகளுக்கோ, சடையை வெட்டிவரச் சொல்லிப் பள்ளியிலிருந்து ஓலை வந்திருக்கிறது. சென்ற ஞாயிறன்று அவர் மகளை முன்னே அமர்த்தி, வேரோரம் புதிதாய் வளர்ந்த முடியை ஒவ்வொரு திரியோடும் முறுக்கிச் சேர்த்தார். மூன்று மணி நேரம் ஆயிற்று.